பக்கம் 7, வரி 4

மூடிப்போன டியூஷன் சென்டரிலிருந்து
எட்டாயிரத்துக்கு வாங்கிய மெஷின்.
தண்டையார்பேட்டை, ஐஸ் டிப்போவுக்கு மேல் அறை.
முதல் தாளில், உள்ளே தங்கிவிட்ட
யாரோ ஒரு வகுப்பின் கேள்வி மங்கலாக வந்தது:
கரைசல், தொங்கல், வேறுபடுத்துக. இரண்டு மதிப்பெண்.
பெனிட்டா அதைக் கிழிக்க விடவில்லை.
அதுவே அட்டையாயிற்று.

பதினாறு பக்கம், நடுவில் இரண்டு பின்.
நீல மையில் எண்ணூர்க் கழிமுகம்;
சாம்பல் இறங்கிய இடமெல்லாம்
இம்ரானாவின் கட்டைவிரல் ரேகை.
நூற்றைம்பது பிரதிக்கும் கையாலேயே வைத்தாள்.
விலை இருபது. இல்லாதவர்க்கு அதுவும் இல்லை.

மை காய்வதற்குள் கொண்டுபோனோம்.
கன்னியம்மாவுக்கு என் வயதுதான்.
கவிழ்த்த படகின் மேல் உட்கார்ந்து
எழுத்துக் கூட்டி, அவசரமில்லாமல் படித்தாள்.
ஏழாம் பக்கத்தில் சிரித்துவிட்டாள்.

"கழுத்தளவு தண்ணியில நின்னபடி சொன்னார்னு போட்டுக்கிற.
இன்னாத்த சொன்னேன்?
ரெண்டு கையும் சேத்துல எறாவைத் தடவும்.
பறி பல்லுல.
வாயத் தொறந்தா அன்னிக்கு சோறு ஆத்தோட போவும்.
கரையேறி டீ குடிக்கசொல்ல சொன்னதுக்கு
ஏம்மே என்னைத் தண்ணியில நிக்கவெக்கிற?
அப்புறம், மீனவப் பெண்ணுன்னு வேற.
இருளருன்னு போடு.
அந்த லிஸ்ட்ல நாங்க இல்லன்னுதான
எண்ணெய் கொட்டனப்ப காசு தரல."

படத்துக்கு எடுப்பாக இருந்தது,
எழுதிவிட்டேன்.
அவளிடம் அதைச் சொல்ல வரவில்லை.
என் வாயில் பறி எதுவும் இல்லை.

இரவு இரண்டு முறை கரண்ட் போனது.
கீழே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
விரல் நீளத்துக்குத் துண்டுத்தாள் அடித்தோம்:

பிழைத்திருத்தம்.
பக்கம் 7, வரி 4.
தண்ணீரில் நின்றபடி கன்னியம்மா
ஒன்றும் சொல்லவில்லை.
பக்கம் 7, வரி 5.
'மீனவப் பெண்' என்பதை 'இருளர்' என்று படிக்கவும்.

மெஷினுக்கு மூச்சிரைத்தது.
பத்துப் பதினைந்து தாளில் தலைப்பு பாதிதான் விழுந்தது:
பிழைத்
அவ்வளவுதான், மீதி வெள்ளை.

இம்ரானா பேனாவைத் திறந்து
'தோம்' என்று சேர்க்கப் போனாள்.
"வை கீழே," என்றாள் பெனிட்டா.
"அதை நாம சொல்லக் கூடாது."

அப்படியே ஒட்டினோம்,
ஏழாம் பக்கத்தில், வரியை மறைக்காமல்,
பக்கத்தில்.
கடைசி முப்பதுக்குப் பசை தீர்ந்து
சோற்றுப் பருக்கை.