இரவல் கூரை

ஆடி. கச்சான் காற்று
அலுவலக ஜன்னலில் மண்ணை அள்ளி எறிகிறது.
நான் பால்சேனைக்கு நேர் மேலே,
ஐந்நூறு கிலோமீற்றர் உயரத்தில்,
ஆறிப்போன தேத்தண்ணியோடு இருக்கிறேன்.

ஒவ்வொரு கூரைக்கும் மூலை மூலையாய்க் குத்தி
கோடு இழுத்து மூட வேண்டும்.
ஓட்டுக்குச் செம்மஞ்சள். தகரத்துக்கு நீலம்.
கிடுகுக்குச் சாம்பல்.
அஸ்பெஸ்டஸுக்கு என்ன நிறமென்று
ஒரு கிழமை கூட்டம் போட்டார்கள்,
அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா என்று
யாருக்கும் சொல்ல ஒண்ணாமல்.

இரண்டாயிரத்து நூற்றிப் பத்துக் கூரை கீறினேன்.
மறுகா
அது தானாகப் பார்க்கத் தொடங்கிற்று.

காயப் போட்ட கரைவலையைக் கூரை என்றது.
இறால் தொட்டியைக் கூரை என்றது.
திருவிழாப் பந்தலை
தொண்ணூறு வீதம் நிச்சயமாய்.
வேம்புக்குக் கீழே கிடக்கும் எங்கட வீட்டை மட்டும்
வீடென்றே எடுக்கவில்லை.
அடியில் ஓடு இருப்பது எனக்குத் தெரியும்.
இலையைச் சுற்றிக் கீறிவிட்டு
விளக்கை அணைத்தேன்.

புரட்டாதியில் பட்டியல் வந்தது. முதல் வரி:
இலக்கம் 417. தகரம். நூற்றி நாற்பது சதுர மீற்றர்.
மரம் இல்லை. துரு இல்லை.
மாரி ஒன்றுக்கு லட்சம் லீற்றருக்கு மேல்.
பொருத்தம் 0.97.

பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி
கோகுலரமணனின் மோட்டார் சைக்கிளில் போனோம்,
அளவு நாடாவும் படிவமும் என் மடியில்.

படலைக்குப் பூட்டு.
ஜன்னல் கண்ணாடியில் கடைக்காரன் ஒட்டிய தாள்
இன்னும் உரிக்கப்படவில்லை.
இந்த வீட்டில்
ஒருவரும் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை.

வேலிக்கு அப்பால் 418.
கிடுகு. பொருத்தம் 0.08.
நண்டு வலையில் சிக்கெடுத்தபடி புவிராணி எழும்பி வந்தாள்.

"அவங்க லண்டன்ல.
மூணு மாரியா நான்தான் அதுல புடிக்கிறன்.
மொத மழைய விட்டிருவன்,
காக்காப் பீ கழுவிப் போகட்டும் எண்டு.
கிணத்துத் தண்ணி வாயில வைக்க ஏலா.
பவுசர் வந்தா வந்ததுதான்."

நடுவால் பிளந்த பிளாஸ்டிக் குழாய்,
சைக்கிள் டியூபால் கட்டி,
அந்தத் தகர விளிம்பிலிருந்து வேலியைக் கடந்து
இவள் வளவுக்குள் இறங்கியது.
முடிவில் ஒரு நீலப் பீப்பாய்.

அதை நான் பார்த்திருக்கிறேன்.
படத்தில் மூன்று நீலப் புள்ளி.
அழுக்கென்று நினைத்து
துடைத்தேன்.

படிவத்தில்
பயனாளி என்று ஒரு கட்டம்,
கூரை உரிமையாளர் என்று ஒரு கட்டம்,
அடியில் சின்ன எழுத்தில்:
இரண்டும் ஒருவராக இருத்தல் வேண்டும்.
கோகுலரமணன் பேனையைத் திறந்தான்,
மூடினான்.

"குடுக்கிற தாங்கி எவ்வளவு பெரிசு?"
ஐயாயிரம் லீற்றர் என்றேன்.
அது அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
அவன் நாடாவை இழுத்து
மணலில் வட்டம் ஒன்று கீறினான்.
புவிராணி உள்ளே போய்
இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள்.
விளிம்பு எட்டவில்லை.

வட்டத்துக்குள் நின்றபடியே
சட்டைக்குள்ளிருந்து போனை எடுத்தாள்.
"லண்டன்ல இப்ப எத்தின மணி?"