நாற்பத்தோராம் பக்கம்

ஒட்டுசுட்டானில் லாண்ட்மாஸ்டர் திருத்துகிறவன் நான்.
பகலில் பிஸ்டன், கிளச், அறுந்த பெல்ட்.
இரவில், பியூலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த பிறகு,
உதிரிப்பாகக் கடைப் பற்றுச்சீட்டுகளின் முதுகில்
கர்த்தரைப் பற்றி எழுதினேன்.
ஏழு வருடம்.

எழுதச் சொல்லி வானம் ஒன்றும் திறக்கவில்லை.
ஒரு மத்தியானம் டீசல் வடிகட்டி கழுவுகையில்
ஒரு வரி வந்தது.
கை முழுக்க எண்ணெய்.
துடைத்துவிட்டு வருவதற்குள் போய்விட்டது.
அதன் பிறகு ஒரு மாதம் தூக்கமில்லை.
அழைப்பை நான் அப்படித்தான் அறிந்தேன்,
தவறவிட்ட கடைசி பஸ்ஸை அறிவதுபோல.

போதகர் ஐயா முழுவதும் வாசித்தார்.
'வடிவா எழுதியிருக்கிறீர். இறையியல் படிச்சனீரோ?'
'வேதம் படிச்சனான் ஐயா.'
சிரித்தார்.
முகவுரை மட்டும் தரவில்லை.

யாழ்ப்பாணத்துப் பதிப்பகம் பதில் போடவில்லை.
கொழும்பில் ஒன்று போட்டது:
மெக்கானிக்கின் தியானங்களுக்குச் சந்தை இல்லையாம்.
பியூலா அந்தக் கடிதத்தை மடித்து
ஆடும் மேசைக்கால் ஒன்றின் கீழே வைத்தாள்.
இரண்டு காப்பில் ஒன்றைக் கழற்றினாள்.
'அடகுதான். விக்கேல்லை'
என்னிடமல்ல, காப்பிடம் சொன்னாள்.

வவுனியா அச்சகத்தில்
திருநீறு கலையாத நெற்றியோடு
துவாரகி என்றொரு பிள்ளை என் எழுத்தைத் தட்டினாள்.
கிறீஸ் கறைக்குக் கீழே கிடந்த சொற்களைக்கூட
எப்படியோ கண்டுபிடித்தாள்.
ஒரு நாள் போன் எடுத்தாள்.

'அண்ணை, நாப்பத்தோராம் பக்கம்.
நான் அழுதேன், கர்த்தர் கேட்டார் எண்டு கிடக்குது.
காதாலயோ, வாயாலயோ?'
'விளங்கேல்லை பிள்ளை.'
'அழுததைக் கேட்டவரோ,
இல்லாட்டி ஏன் அழுறாய் எண்டு கேட்டவரோ?'

கையில் பதினான்காம் நம்பர் ஸ்பானர்.
அதைப் பிடித்தபடி கராஜ் வாசலில் நின்றேன்.

காதால் என்றுதான் எழுதியிருந்தேன்.
மாத்தளன் மணலில், பங்கருக்குள்,
ஒரு காது போதுமாக இருந்தது.
வாய் உள்ள தேவனை அன்று தாங்கியிருக்க மாட்டேன்.
அவர் ஏதும் கேட்டிருந்தால்
கொடுக்க என்னிடம் என்ன இருந்தது?
ஒரு தண்ணீர்க் கான். அதுவும் ஓட்டை.

பிறகு இந்தப் பற்றுச்சீட்டுகள்.
ஏழு வருடமாக
என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து எழுதினேன்.
என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாரோ?

'அண்ணை, லைன்ல நிக்கிறியளோ?'
'அப்பிடியே விடுங்கோ பிள்ளை' என்றேன்.

முந்நூறு பிரதி. ஆறு பெட்டி.
நெடுங்கேணி பஸ்ஸில் கொண்டக்டர்
'என்ன, பிஸ்கட்டோ?' என்றான்.
'ஓம்' என்றேன்.
முதல் பெட்டி உடைக்க முன்னமே ஒரு பொய்.
அட்டையில் சிலுவை வலப்பக்கம் சாய்ந்திருந்தது,
நட்டு இறுக்காத சில்லுப்போல.
'பழுதும் கிருபையும்' என்ற தலைப்புக்கு
அது பொருத்தம் என்றாள் பியூலா.

ஆராதனை முடிந்து முப்பத்தெட்டு விற்றது.
ஒருத்தி காசுக்குப் பதில் பத்து முட்டை தந்தாள்.
மிச்சம் கட்டிலுக்குக் கீழே,
கறையானுக்குப் பயந்து நாலு கல்லின் மேல்.
காப்பின் வட்டி மாதா மாதம் ஏறுகிறது.
இரண்டாவது புத்தகத்துக்கு
இருபத்தாறு பற்றுச்சீட்டு சேர்ந்துவிட்டது.
பியூலாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

நேற்று, விதைப்புக்கு முன்,
முத்தையன்கட்டுக்காரர் ஒருவர்
இயங்காத மெசினைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
பம்பைக் கழற்றி நான் வேலை செய்ய,
அவர் டயரில் குந்தி, கிடந்த பிரதியைப் புரட்டினார்.
ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.
எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்க்கவில்லை.
பெருவிரல் கறை மட்டும் தாளில் மெல்ல ஊறுவது தெரிந்தது.

திருத்தின கூலியைத் தந்தார்.
புத்தகத்தைச் சறத்து மடிப்பில் செருகினார்.
விலை அவர் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
வாய்க்கால் மதகு தாண்டும்வரை
எஞ்சின் சத்தம் கேட்டது.