மஞ்சள் தேறல்

அர்புவாவில் பிப்ரவரி.
பாலத்தடியில் ஆறு மட்டும் ஓடியது,
மற்றதெல்லாம் விறைத்து நின்றது.
வாசலில் ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணம்,
கழுத்தில் மாட்ட ஒரு துணிப்பை.
பள்ளிப் பிள்ளையின் அடையாள அட்டைபோல
நெஞ்சில் ஆடிக்கொண்டு வந்தது வெறுங்கிண்ணம்.

ஓதீல் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.
அவளுக்குத் தெரியாது
என் மூக்கு செத்துப் பதினான்கு மாதம்.
பள்ளிச் சமையற்கட்டில் யாரிடமும் சொல்லவில்லை.
மூக்கில்லாத சமையற்காரியை
எவர் வைத்துக்கொள்வார்?
பால் அடிப்பிடித்தால் புகைமணி அலறும்.
உப்பையும் புளிப்பையும் நாக்கு பார்த்துக்கொள்ளும்.
மீதியை
ஞாபகத்திலிருந்து அள்ளிப் போட்டேன்.

மருத்துவர் நான்கு குப்பிகள் தந்திருந்தார்.
ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, தைலமரம்.
காலையும் மாலையும் முகர்ந்து பார் என்றார்.
பார்த்தேன்.
நான்கிலும் ஒரே குளிர்.

முதல் கூடாரத்தில்
"ஈரக்கல்" என்றாள் ஓதீல்.
"பச்சை ஆப்பிள்" என்றார் ஒரு தாடிக்காரர்.
நான் "ஆமாம்" என்றேன்.
அடுத்ததில் செர்ரியாம், பழைய தோல்பெட்டியாம்.
ஆமாம், ஆமாம்.
என் வாயில் வெறும் புளிப்பு, பின்னால் துவர்ப்பு,
மாதுளைப் பிஞ்சைக் கடித்ததுபோல்
நாக்கு சுருங்கிக் கிடந்தது.

உதடு படாமல் அண்ணாந்து குடித்துப் பழகியவள் நான்.
இங்கே உதட்டைப் பதிக்க வேண்டும்,
உறிஞ்ச வேண்டும், ஓசை வரவேண்டும்,
அப்புறம் ஊர்கூடித் துப்பும் வாளியில்
துப்ப வேண்டும்.
துப்பினால் மரியாதை, விழுங்கினால் அவசரக்காரி.
வாளியை எட்டிப் பார்த்தேன்.
ஐம்பது பேர் எச்சில்.
செக்கர் வானம்போல் அழகாகத்தான் இருந்தது.

நான்காவதில் வரிசை நீளம், விட்டுவிட்டோம்.

ஐந்தாவதில் பலகை: "கிரிமோ, தகப்பனும் மகளும்".
மகள்தான் ஊற்றினாள். நகக்கண்ணில் மண்.
தோள் அகன்ற குட்டைப் புட்டி.
ஆறாண்டு மூன்று மாதம்
பீப்பாயில் யாரும் தொடாமல் கிடந்ததாம்,
மேலே ஆடை படர,
குறையக் குறைய நிரப்பாமல்.
ஒரு லிட்டர் வைத்தால்
அறுநூற்று இருபது மில்லி மிஞ்சுமாம்.
மீதி? என்றேன்.
கூரையைக் காட்டினாள்.

மஞ்சள். நல்லெண்ணெயின் மஞ்சள்.
சுழற்றினேன், மற்றவர்கள் சுழற்றியதால்.
குனிந்தேன், மற்றவர்கள் குனிந்ததால்.

வெந்தயம்.

காய்ந்த எண்ணெயில் விழுந்து
கருகுவதற்கு ஒரு நொடி முன்பு
பொன்னிறத்தில் நிற்கிற வெந்தயம்.
கசப்பில்லை, கசப்புக்கு முந்தியது.
பூட்டிய வீட்டின் கொல்லைக் கதவை
யாரோ உள்ளிருந்து தட்டினார்கள்.

"வெந்தயம்!" என்று தமிழில் கத்திவிட்டேன்.
"வால்நட் என்று சொல்லணும்" என்றாள் ஓதீல்
குரலைத் தாழ்த்தி.
கைபேசியில் தேடிப் பிரெஞ்சில் காட்டினேன்.
மகள் படித்தாள், சிரிப்பு பொத்துக்கொண்டது.
"அப்பா, இந்த அம்மாவுக்கு
நம்ம வைனில் குதிரைத் தீவனம் மணக்குதாம்!"

கிரிமோ வந்தார். ஒன்றும் பேசாமல்
தன் கிண்ணத்துக்குள் மூக்கை நுழைத்தார்.
வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.
"சரிதான்" என்றார். "பாம்பூவின் சாக்கு."
பாம்பூ அவர்கள் குதிரையாக இருக்கும்.
இருக்கிறதா, போய்விட்டதா,
கேட்கவில்லை.

மறுபடி முகர்ந்தேன். ஒன்றுமில்லை.
மறுபடியும்.
ரொட்டியை, பாலாடைக்கட்டியை,
ஓதீலின் கம்பளிச் சால்வையைக்கூட.
ஒன்றுமில்லை.
வாளியை அவள் என் பக்கம் நகர்த்தினாள்.
நான் விழுங்கினேன்.

பெசான்சோன் திரும்பும் பேருந்தில்
சன்னலெல்லாம் மூச்சு.
எதிர் இருக்கைக்கு அடியில்
பனியில் நனைந்த கிழட்டு நாய் ஒன்று.
ஓதீல் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டாள்.
நான் குனிந்தேன்.
நாறியது.
இன்னும் கிட்டப் போனேன்.