சேஹா வரை

செலெடோனியாவின் தொண்டை
போன குளிர்காலத்தோடு போனது.
மினிபஸ் கதவில் ஒரு கால், காற்றில் ஒரு கால்,
"சேஹா, சேஹா, ஏறு, ஏறு, சேஹா" என்று
பதினோரு வருடம் கூவிய தொண்டை.

அதனால் ஒரு பெட்டி செய்தாள்.
வியாழச் சந்தையில், பழைய செருப்புக்கும்
கார்க் கதவுகளுக்கும் நடுவே
கிலோ கணக்கில் விற்ற பலகைகளிலிருந்து
ஒரு சில்லு, ஒரு ஸ்பீக்கர், நாலு முழம் வயர்.
மிச்சமிருந்த குரலை அதில் பதிந்தாள்.

பெட்டி கூவியது. ஆனால்
எர்மோ ஹாரனை அமுக்கும்போதெல்லாம்
சில்லு மயங்கி விழுந்து, எழுந்து,
முதலிலிருந்து தொடங்கும்:
சே... சே... சே...
எல் ஆல்டோவின் எந்தச் சந்திப்பிலும்
ஹாரன் ஓய்வதில்லை.
தமிழ்க் காதோடு ஏறியிருந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கும்,
நாள் முழுக்கச் சலித்துக்கொண்டே போன பெட்டி அது.

பன்னிரண்டு வோல்ட் என்று எழுதியிருக்கும்.
எழுதியிருப்பதை நம்பாதே.
ஹாரன் குடிக்கும் நொடியில் அது ஏழு, ஆறு.
குழாய் வறளும் மதியங்களுக்கென்று
கூரைக்குக் கூரை கறுப்புத் தொட்டி வைத்த ஊர்;
மின்சாரத்துக்கும் ஒன்று வேண்டியிருந்தது,
கண்ணிமைக்கும் நேரம் தாங்கினால் போதும்.
மின்தேக்கி.
சுண்டுவிரல் உயரத்தில் நீல உருளை,
இரண்டாயிரத்து இருநூறு மைக்ரோ ஃபாரட்.

முதல் உருளையைத் தலைகீழாய்ப் பற்றவைத்தாள்.
வெள்ளைக் கோடு போட்ட பக்கம் மைனஸ் என்று
யாரும் சொல்லவில்லை. அதுவே சொன்னது,
பட்டென்று, மீன் வாடையோடு.
பின்சீட்டுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.

இரண்டாவது, நேராக.
இன்னமும் சே... சே...
மூன்று இரவு யோசித்தாள்.
தொட்டி நிறைகிறது, சரி.
நிறைந்ததை யார் குடிக்கிறார்கள்?
வந்த வழியே திரும்பிப் போய்
ஹாரனே குடிக்கிறது!

வாசலில் ஒரு டயோடை நிறுத்தினாள்:
உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது.
கூடவே, சில்லின் காலோடு ஒட்டி,
நூற்று நான்கு என்று எழுதிய
பருப்பளவு மஞ்சள் வட்டு ஒன்று.
பெரியது எழுந்து வர நேரமாகும்,
சின்னச் சிலிர்ப்புகளைச் சின்னதுதான் பிடிக்கும்;
அதற்குக் கை குட்டை,
தள்ளி வைத்தால் எட்டாது.

ஹாரன் அலறியது.
பெட்டி தடுமாறாமல் முழுச் சொல்லையும் சொன்னது.
எர்மோ இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தான்.
பிறகு காரணமே இல்லாமல் பத்து முறை.

ராத்திரி, கடைசி நிறுத்தம்.
தூரத்தில் இயிமானியின் பனி மட்டும் வெளுப்பு.
எர்மோ சாவியை உருவினான்.
எஞ்சின் நின்றது, விளக்கு நின்றது.
பெட்டி மட்டும்
ஏற ஆளில்லாத தெருவைப் பார்த்து
சேஹா என்றது,
இன்னொன்றுக்கு வாய் திறந்து
சே
வரைக்கும் வந்தது.

படியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த செலெடோனியா
நிமிராமலே
மிச்சத்தைச் சொன்னாள்,
கரகரப்பாய்:
ஹா.