பூஜ்யம் வெள்ளி

கோல கெட்டில் கிளினிக்கில்
அறுபது தாண்டியவர்களுக்குக் காசில்லை.
முகப்பில் இருக்கிற பையன் ரசீது மட்டும் கிழித்துத் தருகிறான்:
பூஜ்யம் வெள்ளி, பூஜ்யம் காசு.
நான்காய் மடித்துப் பையில் வைக்கிறேன்,
விலை கொடுத்து வாங்கியதைப் போல.

"அராவாயி!" தாதி கூப்பிடுகிறாள்.
அப்பா வைத்த பேர் அரவாயி.
ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒரு கால் சேர்த்துவிடுகிறாள்.
திருத்துவதை விட்டுவிட்டேன்.
எனக்கு இப்போது ஒரு கால் கூடுதலாய்த் தேவைதான்.

படத்தைத் தூக்கிப் பிடித்து டாக்டர் சொன்னார்:
எலும்பு எலும்போடு உரசுகிறது.
அலோர் ஸ்டாரில் அறுத்து மாற்றலாம்.
கட்டில், மயக்க ஊசி, தையல், மூன்று வேளைச் சோறு
எல்லாவற்றுக்கும் சின்னத் தொகைதான்.
உள்ளே வைக்கிற இரும்பு மட்டும்
நீங்கள் வெளியே வாங்கித் தர வேண்டும்.
இரும்பு ஏழாயிரம்.

பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
செம்பனை உதிரிப்பழம் மூட்டைக்கு மூன்று வெள்ளி.
இரண்டாயிரத்து முந்நூறு மூட்டை, இன்னும் கொஞ்சம்.
அதற்கு மேலேயே பொறுக்கியிருக்கிறேன்.
முழங்கால் போனதே அதில்தான்.

சொக்சோ இருக்கா என்று கேட்கிறார்கள்.
குத்தகைக்காரன் என் பேரை
எந்தத் தாளிலும் எழுதியதில்லை.
அவனுக்கு நான் "அந்த நெட்டைப் பொம்பள."

இன்சூரன்ஸ் இருந்தது.
சுங்கைப் பட்டாணியிலிருந்து ஜீவரத்தினம் வருவான்,
மாதம் முப்பத்தைந்து, பதினோரு வருஷம்,
ஒரு காலண்டர், ஒரு குடை.
அறுபது முடிந்ததும் இங்கிலீஷில் கடிதம் வந்தது.
ஆணிக்கடைத் தவுக்கேயின் மகள் படித்துச் சொன்னாள்:
"ஆன்ட்டி, ஆஸ்பத்திரிப் பகுதி முடிஞ்சிருச்சு.
மற்றது இருக்கு."
மற்றது என்றால்?
அவள் குடையைப் பார்த்தாள்.
செத்தால் கிடைக்கும். நடக்கக் கிடைக்காது.

இலவச வைத்தியத்துக்கு நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
அலோர் ஸ்டார் போய்வர கோபியின் கார், எண்பது.
கூட வந்த பக்கத்து வீட்டு சரோவுக்கு
ஒரு நாள் சம்பளம் போச்சு; அவள் வாங்கமாட்டாள்,
அதனால் ஒரு கோழி.
நாசி லெமாக் இரண்டு.
கடைசி வரியில் ரசீதையும் ஒட்டுவேன்:
பூஜ்யம்.

ஆஸ்பத்திரியில் சமூக நல அறை என்று ஒன்று இருக்கிறது,
மருந்துக் கூடம் தாண்டி, கக்கூஸ் பக்கம்.
புவான் ரொஹானா நல்லவள். நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள்.
இரும்புக்கு உதவி கேட்கலாமாம். பாரம் ஆறு பக்கம்.
வீட்டு வாடகை எவ்வளவு.
மீன் வாங்குவீர்களா, வாரத்தில் எத்தனை நாள்.
பிள்ளைகள்?
ஒருவன். தவநேசன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை.
அவள் பேனா நின்றது.
சிங்கப்பூர் வெள்ளி மூன்று மடங்கு என்று
பேனாவுக்கும் தெரியும்.

"மாதம் உங்களுக்கு எவ்வளவு தருகிறார்?"

தீபாவளிக்கு இருநூறு அனுப்பினான்.
போன வருஷமா, அதற்கு முந்தியதா.
போனில் பேசும்போது பின்னால் குழந்தை அழும்,
"அடுத்த மாசம்மா" என்பான்,
நான் "சரிப்பா, பிள்ளையைப் பாரு" என்பேன்.
இதற்கு அந்தப் பாரத்தில் கட்டம் இல்லை.

"கொசோங்," என்றேன்.
மலாயில் சொன்னதால் கொஞ்சம் சுலபமாய் இருந்தது.
அவள் தலை நிமிராமல்
மெதுவாய் ஒரு சுழி போட்டாள்.
என் கைநாட்டு அதன் மேலேயே பட்டுவிட்டது.

ராத்திரி அவனே கூப்பிட்டான்.
"ஆஸ்பத்திரிக்குப் போனியாமே, சரோக்கா சொன்னாங்க.
எவ்வளவும்மா ஆச்சு?"

காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தேன்.
வெந்நீர் ஒத்தடம் ஆறிக்கொண்டிருந்தது.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதானேப்பா," என்றேன்.
"ஒண்ணும் ஆகல."