பதினாலு நிமிடம்

திங்கள்சந்தை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில்
முட்டைத் தட்டுகள் ஒட்டிய என் அறை.
பங்குனியில் ஒரு மத்தியானம்
லூர்தையன் வந்து ஊதிவிட்டுப் போனார்.
கிளாரினெட். ஆறு நிமிடம்.
நாலாவதில் தக்கலை பஸ் அடித்த ஹாரன்
அத்தனை முட்டைத் தட்டையும் மீறி உள்ளே வந்துவிட்டது.
போகட்டும் என்றார். போகட்டும் என்றேன்.

வைகாசியில் குறும்பனையிலிருந்து
விழாக் கமிட்டி தஸ்நேவிஸ், பென்டிரைவோடு:
தேர்ப்பவனிக்கு இருபது நிமிடம் வேணும்.
வளைவு உண்டு, கரண்ட் வயரைக் கம்பால் தூக்கணும்,
பாட்டு நின்றால் ஆளும் கலைந்துபோகும்.

நீட்டுவது என்றால் இழுப்பதல்ல.
இழுத்தால் சத்தம் சவ்வாகிவிடும்.
மென்பொருள் தாளம் தாளமாய் நறுக்கி
ஒவ்வொரு துண்டையும்
மற்ற எல்லாத் துண்டோடும் வைத்துப் பார்க்கிறது.
ஜாடை ஒத்த இரண்டு கிடைத்தால்
நடுவில் ஒரு கதவு.
அதில் நுழைந்த பாட்டுக்கே தெரியாது
பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம் என்று.
என் டீ ஆறுவதற்குள்
இருபது நிமிடம் தயார்.

பவனியில் ஹாரன் கேட்டதும்
மெழுகுவர்த்தியைக் கையால் பொத்திக்கொண்டு
கூட்டம் ஓரமாய் ஒதுங்கியதாம்.
பஸ் வரவில்லை.
மறுபடி ஹாரன், மறுபடி ஒதுங்கல்.
மூன்றாம் தடவை யாரும் அசையவில்லை,
ஒரு பொடியன் மட்டும் முக்குவரை ஓடி
எட்டிப் பார்த்துவிட்டு வந்தானாம்.

அடுத்த வாரம் லூர்தையன் படியேறினார்.
"ஆறு நிமிசமாக்கும் நான் ஊதினது.
மிச்சம் பதினாலு ஆரு ஊதினா?"
நீங்கதான் என்றேன்.
"அப்போ அதுக்க துட்டு?"

திரையில் அலைகளைக் காட்டினேன்,
வெட்டிய இடங்களை, ஒட்டிய இடங்களை.
பேச்சை மாற்றத்தான்.
அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஓரிடத்தில் விரல் வைத்தார்:
"இங்க நான் மூச்சு எடுத்தேன்.
இது அதைத் தாண்டிச் சாடிப் போவுது.
இந்த மாதிரி ஊதினா
ஆளு செத்துப்போவான் பாத்துக்கோ."

முழுசும் போடு என்றார்.
இருபது நிமிடமும் இருந்து கேட்டார்,
சாகிற இடத்தில் மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு.
கடைசியில், ஊதி முடித்து
அன்று அவர் எழுந்தபோது
நாற்காலி முனகிய சத்தம்.
அதற்கு ஜாடை ஒத்த துண்டு
வேறெங்கும் கிடைத்திருக்காது. ஒரே ஒரு தடவைதான்.

அதே நாற்காலிதான்.
அவர் எழுந்திருக்கவில்லை.