வேறு ஏதேனும் இருப்பின்

படிவத்தில் கேட்டிருக்கிறார்கள்:
சீருடை வசதியாக உள்ளதா?
எதிரே இரண்டு கட்டங்கள்.
‘டிக் போட்டுத் தந்திரு பிள்ளே,
மூணு மணி தபால்ல போகணும்’
என்கிறார் ரைட்டர் பெர்ஜின் சார்.
மற்ற எல்லாருக்கும் அவரே
‘ஆம்’ போட்டு வைத்திருக்கிறார்,
ஒரே பேனாவில்.

நான் போன ஆனி மாதத்து ராத்திரிக்குப் போய்விட்டேன்.
களியக்காவிளை செக்போஸ்ட்.
கேரளத்து மழையா நம்ம மழையா என்று
யாரும் கைகாட்டி நிறுத்திக் கேட்காத மழை.
இரண்டே காலுக்கு ஒரு ஆம்னி வேன்.
சீட்டுக்கு அடியில் ரேஷன் அரிசி.
டார்ச் அடித்ததும் டிரைவர் குதித்தான்.

கைலியைத் தொடைக்கு மேல் ஒரு சுருட்டுச் சுருட்டி
அவன் ஓடிய ஓட்டம் இருக்கிறதே,
ரப்பர் தோட்டத்துக் கையாலையை
தவளை மாதிரித் தாண்டினான்.

நானும் தாண்டினேன்.
பாதிதான் நான், மீதி சர்க்கார் துணி.
நனைந்த பாலியஸ்டர் முட்டைப் பிடித்துக்கொண்டு
எங்கே போகிறாய் என்றது.
அப்புறம் ஒரு சத்தம்.
சக்கைப்பழம் பிளந்த மாதிரி என்றால் மிகை.
ஆனால் அப்படித்தான் கேட்டது.

கையாலை மேல் குதிரையேறிய கோலத்தில் நான்.
மழையும் காற்றும்
இதுவரை வராத இடத்துக்கெல்லாம் வந்தன.
அவன் நின்றான்.
கர்த்தரே, நின்று திரும்பி
‘மேடம், அடி பட்டிச்சா?’ என்றான்.
இல்லை என்றேன்.
பிறகுதான் ஓடினான்.

‘இருளைப் பயன்படுத்தித் தப்பிவிட்டார்’
என்று எழுதினோம்.
இருளுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

ரெயின்கோட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு
விடியும்வரை வண்டி எண் குறித்தேன்.
அன்றைக்கு எனக்கு மூன்றாம் நாள் வேறு.
சட்டைப்பையில் விசிலுக்கு இடம் உண்டு,
சலான் புத்தகத்துக்கு உண்டு.
நாப்கின் மட்டும் சோற்றுப்பையில்,
சாளைக் கறிக்குப் பக்கத்தில்.
பெட்ரோல் பங்க் கக்கூஸில்
பெல்ட் மாட்ட ஒரு ஆணிகூட இல்லை.
கழுத்தில் போட்டுக்கொண்டேன்,
மாட்டு டாக்டர் குழலைப் போடுவதுபோல.

மறுநாள் மார்த்தாண்டம்,
மேம்பாலத்துக்குக் கீழே ரோஸ்பாய் அக்கா கடை.
பேண்டை உள்பக்கம் புரட்டி
கவட்டுத் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.
‘ஆம்பிளைக்கு வெட்டுன அளவு,
ஓரம் மட்டும் சுருக்கியிருக்கு’ என்றாள்.
‘அதுவும் நிக்கவச்சு அளந்திருக்கான்.
உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா
அவனுக்கே தெரிஞ்சிருக்கும்.’

கவட்டில் சாய்சதுரமாக ஒரு பருத்தித் துண்டு.
இடுப்புப் பட்டிக்கு உள்ளே,
விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரு பை,
உள்ளங்கை அகலத்துக்கு.
நூற்றிருபது ரூபாய்.
‘பைக்குக் காசு வேண்டாம், அது என் வகை.’

சனிக்கிழமை பரேட்.
டி.எஸ்.பி. பொத்தானைப் பார்த்தார்,
தொப்பியின் சாய்வைப் பார்த்தார்,
பூட்ஸில் தன் முகத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டார்.
‘குட்’ என்றார்.
சாய்சதுரம் மூச்சு விடவில்லை.
நான் விட்டேன்,
இந்த வேலைக்கு வந்த ஒன்பது வருஷத்தில்
அடிவயிறுவரை போன முதல் மூச்சு.

இதை எங்கே எழுதுவது?
‘ஆம்’ கட்டத்திலா ‘இல்லை’ கட்டத்திலா?
என் பேண்ட் வசதிதான். சர்க்கார் பேண்ட் இல்லை.
கீழே புள்ளி வைத்து ஒரு வரி விட்டிருக்கிறார்கள்:
வேறு ஏதேனும் இருப்பின்.

‘அளவெடுக்கும்போது
உட்காரச் சொல்லவும்’ என்று எழுதி,
டெல்பின் மேரி, முதல்நிலைக் காவலர்,
எண்ணோடு கையெழுத்து வைத்தேன்.

பெர்ஜின் சார் வாங்கி வாசித்தார்.
கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தரம்.
‘அந்த டெய்லர் ஆம்பிளைகளுக்கும் தைப்பாளா?
எனக்கில்ல, மச்சினனுக்கு.’
அவர் மச்சினன் கருங்கலில் பேக்கரி வைத்திருக்கிறான்.

முழுக்க நின்றுகொண்டேதான் கேட்டார்.
இப்போது நினைத்துப் பார்க்கிறேன்,
மத்தியானச் சோற்றுக்கு அப்புறம்
அந்த மனிதர் உட்கார்ந்து
நான் பார்த்ததே இல்லை.